சுடுதண்ணீரில் அலசிய துணி

அம்மாவுக்குக் கால் கட்டுப் பிரிக்கும் நாளென்றால் எங்கள் சந்துக்கே தெரிந்துவிடும். பெங்களூர் ஜோகுபாளையத்தில் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்பவை. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் மூன்றாவது வீட்டில் தும்முவார்கள். அம்மாவோ ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்து, மைதானத்தின் மறுகோடியில் ஓடும் பிள்ளைகளை நின்ற இடத்திலிருந்தே அதட்டிப் பழகியவள். அந்தக் குரலை வலிக்குத் திருப்பிவிட்டால் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வருடக்கணக்காக நின்றே வேலை பார்த்ததில் காலில் ரத்தக்குழாய் சுருண்டு, கணுக்காலுக்கு மேலே புண்ணாகி, ஆறுவதும் மறுபடி வாய் திறப்பதுமாக இருந்தது. கட்டுக்குள் வைத்த காஸ் துணி புண்ணோடு காய்ந்து ஒட்டிக்கொள்ளும். உப்புத்தண்ணீர் விட்டு ஊறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நான் உரித்தெடுப்பேன்.

"ஐயய்யோ, தோலோட வருதுடி! நீ இன்னா பி.ஹெச்.டி. படிக்கிறியா, கறிக்கடை வெச்சிருக்கியா?"

"அசையாம இரும்மா."

"நீ உன் கால நீட்டு, நான் உரிக்கிறேன். அப்பத் தெரியும் உனக்கு."

எதிர்வீட்டு அம்மாள் ஜன்னலில் தலையை நீட்டி, "மெல்லகே மாடம்மா" என்று, மெதுவாகச் செய்யும்படி கன்னடத்தில் எனக்குப் புத்தி சொல்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அந்தக் கத்தலில் ஒரு வசதி இருந்தது. எந்த இடத்தில் வலிக்கிறது என்று எனக்கு உடனே தெரிந்துவிடும். அங்கே கையை நிறுத்தி, இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு, பொறுத்துத் தொடர்வேன். எல்லாம் முடிந்ததும் அம்மா ஒன்றுமே நடக்காததுபோல டீ கேட்பாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் ஆய்வகத்தில் செய்துகொண்டிருந்ததே புண்ணில் ஒட்டாமல் கழன்று வரும் கட்டுத்துணிதான்.

பாலிமர் என்பது சின்னச் சின்ன மூலக்கூறுகளை மணிகளாகக் கோத்த சங்கிலி. பருத்தியும் ஒரு பாலிமர்தான். அந்தப் பருத்தி இழையின் மேல் வேறொரு சங்கிலியை முளைக்க வைத்தால் அது ஒட்டுப் பாலிமர். நர்சரியில் காட்டு ரோஜாத் தண்டில் நல்ல ரோஜாவை ஒட்டுப்போடுகிறார்களே, அந்த மாதிரி. நாங்கள் ஒட்டுப்போட்ட சங்கிலிக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. முப்பத்திரண்டு டிகிரிக்கு மேல் சூடு இருந்தால் தண்ணீரை உதறிவிட்டுச் சுருண்டுகொள்ளும். குளிர்ந்தால் தண்ணீரைக் குடித்து விரியும். புண்ணின் மேல் உடம்புச் சூட்டில் அது பேசாமல் கிடக்கும். பிரிக்கும்போது குளிர்ந்த தண்ணீர் விட்டால் விரிந்து, ஒட்டியிருக்கும் சதையை அதுவே தள்ளிவிடும். இழுக்க வேண்டாம், உரிக்க வேண்டாம், யாரும் கத்த வேண்டாம்.

அம்மாவுக்குப் புண் வருவதற்கு முன்பே எனக்குக் கிடைத்த தலைப்பு இது. அதை அவள் ஒத்துக்கொண்டதே இல்லை. காய்கறிக்காரரிலிருந்து கூரியர் கொண்டுவருகிறவர் வரை எல்லாரிடமும், "எம் பொண்ணு எனக்கோசரம் துணி கண்டுபுடிக்கிறா" என்று சொல்லி வைத்திருந்தாள். "அது இன்னும் லேப்லதாம்மா இருக்கு, மனுஷங்களுக்கு வர வருஷம் ஆகும்" என்று எத்தனை முறை சொன்னாலும் காதில் வாங்கமாட்டாள். "சீக்கிரம் முடிடி, கால் காத்துக்கிட்டு இருக்காது" என்பாள்.

முடிக்க வேண்டிய அவசரம் எனக்கும் இருந்தது. என் பி.ஹெச்.டி. பதிவுக்காலம் ஏற்கெனவே நீட்டிக்கப்பட்டது. இன்னொரு நீட்டிப்பு கிடைப்பது சந்தேகம். கடைசி அத்தியாயத்துக்கு ஒரே ஒரு வேலைதான் பாக்கி. எங்கள் துணியைச் சோதிக்க ஒரு மருத்துவமனையில் டாக்டர் ஒருவர் ஒப்புக்கொண்டிருந்தார். முதலில் எலிகளில், அதன் பிறகு மற்றது. அவருக்குக் கொடுக்கத் துண்டுகள் தயாரித்தால் போதும், முடிவு வந்ததும் எழுதி முடித்து டாக்டர் பட்டத்தோடு வெளியே வந்துவிடலாம்.

செய்முறையை எனக்குக் கற்றுத் தந்தது எனக்கு முன்னால் அந்த ஆய்வகத்தில் இருந்த ஒரு அக்கா. காக்ஸ் டவுன்காரி. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நல்ல புடவையோடு நேராக லேபுக்கு வந்து, மேலே கோட்டை மாட்டிக்கொண்டு வேலை செய்கிற ரகம். துணியில் இந்தச் சங்கிலியை ஒட்டுப்போட்டதே அவள்தான். அதை வைத்து எங்கள் வழிகாட்டிப் பேராசிரியரான சாரோடு சேர்ந்து கட்டுரை வெளியிட்டு, அந்தக் கட்டுரையின் பலத்தில் வெளிநாட்டில் வேலைக்குப் போய்விட்டாள். நான் அவள் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தேன்.

வேலை இரண்டு படி. முதலில் துணியின் மேல் இனிஷியேட்டர் என்கிற முளையை வேதிமுறையில் பதிக்க வேண்டும். பிறகு, செம்பு சேர்ந்த வினையூக்கி போட்ட கரைசலில் துணியை முக்கினால் ஒவ்வொரு முளையிலிருந்தும் சங்கிலி வளரும். பழைய முறைகளில் அது தாறுமாறாக வளரும், ஒன்று நீளம், ஒன்று குட்டை. எங்களுடையது கட்டுப்படுத்திய முறை. எல்லாச் சங்கிலிகளும் ஒன்றாகக் கிளம்பி, ஒரே நிதானத்தில், மணி மணியாக வளரும். ஆக்சிஜன் மட்டும் ஆகாது. திரவ நைட்ரஜனில் கரைசலை உறையவைத்து, பம்பு போட்டுக் காற்றை இழுத்து, இளகவிட்டு, மறுபடி உறையவைத்து, இப்படித் திரும்பத் திரும்ப. கொஞ்சம் காற்றுப் புகுந்தாலும் செம்பு பச்சைக்குத் திரும்பிவிடும், அன்றைய வேலை கோவிந்தா. பச்சை தெரிந்த நாட்களில் நான் குடுவையைப் பார்த்து உதிர்த்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

துணியில் வளர்ந்த சங்கிலியைப் பிய்த்து எடுத்து நீளம் பார்ப்பது பெரிய பாடு. அதற்காகக் கரைசலிலும் கொஞ்சம் இனிஷியேட்டரைத் தனியாக விடுவோம். அதில் வளரும் தனிச் சங்கிலியை அளந்து, துணியில் இருப்பதும் அதே நீளம் என்று வைத்துக்கொள்வோம். இது உலகம் முழுக்க உள்ள வழக்கம்தான். ஆனால் கடைசியில் அந்தத் தனிச் சங்கிலிகளையெல்லாம் அலசி எடுத்துவிட வேண்டும். அலசிய பிறகும் துணியின் எடை கூடியிருந்தால், கூடினது ஒட்டு.

அலசுவது சுடுதண்ணீரில். "நல்லா கொதிக்கக் கொதிக்க அலசணும்டி, அப்பதான் சும்மா ஒட்டிட்டு இருக்கறதெல்லாம் போகும்" என்று அக்கா சொல்லிக் கொடுத்தாள். அவளுக்கு அவளுடைய முன்னோடிகள் சொன்னது. அம்மாவும் வீட்டில் பழைய கட்டுத்துணிகளைக் கொதிநீரில் போட்டுத்தான் எடுப்பாள். சுடுதண்ணீர் நன்றாக அலசும் என்பதை யாராவது சந்தேகப்படுவார்களா?

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் வாட்டர் பாத் புகைந்து நின்றுவிட்டது. தண்ணீரை ஒரே சூட்டில் வைத்திருக்கும் தொட்டி அது. தண்ணீர் சுடவைக்கும் ஹாட் பிளேட்டுகளெல்லாம் மற்றவர்கள் வசம். கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். டாக்டருக்குக் கொடுக்க வேண்டிய துண்டுகளின் முதல் தொகுதி என் கையில் ஈரமாக இருந்தது. அலசலுக்கு என்ன பெரிய சாஸ்திரம் என்று எரிச்சலில் குழாய்த் தண்ணீரிலேயே அலசினேன். ஜனவரி மாதத்துப் பெங்களூர்க் குழாய்த் தண்ணீர், விரல் மரத்துப்போனது. காயவைத்து எடை போட்டேன்.

எடை கூடவே இல்லை. வெறும் பருத்தித் துணியின் எடை.

துண்டுகளை மாற்றி எடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். இன்னொன்றை எடுத்தேன், அதுவும் அப்படியே. தராசைத் திட்டினேன். பிறகு அலமாரியில் பத்திரமாக வைத்திருந்த பழைய துண்டு ஒன்றை எடுத்தேன். அக்கா காலத்துத் துண்டு, சுடுதண்ணீரில் அலசி, எடை கூடியது என்று கட்டுரையில் பெருமையாகச் சொல்லியிருந்த வகை. அதை எடை போட்டு, குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து மறுபடி எடை போட்டேன். அதிலும் கூடியிருந்த எடை மிச்சமில்லை.

எங்கள் சங்கிலி குளிரில்தான் கரையும். சூட்டில் சுருண்டு, தண்ணீரை விட்டு விலகி, கிடைத்ததைக் கட்டிக்கொண்டு கிடக்கும். இது எனக்குத் தெரியாததா? இந்தக் குணத்துக்காகத்தானே அதைத் தேர்ந்தெடுத்ததே. எத்தனை கருத்தரங்கில் படம் போட்டு விளக்கியிருப்பேன். எங்கள் ஆய்வகத்தில் முன்பு ஒட்டுப்போட்டது வேறு சங்கிலி, அது சூட்டில் நன்றாகக் கரையும், அதற்குச் சுடுதண்ணீர் சரி. சங்கிலியை மாற்றினோம், அலசும் தண்ணீரை மாற்றவில்லை. எங்கள் யாருக்கும் அது தோன்றவே இல்லை.

அலசிய தண்ணீரை நான் கொட்டியிருக்கவில்லை. அதில் கொஞ்சம் ஒரு சிறு குப்பியில் எடுத்து இறுக மூடி, ஹாட் பிளேட்டுக்கு எவனிடமும் கெஞ்சப் பிடிக்காமல், காய்ச்சல் பார்க்கிற மாதிரி அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். வெளியே எடுத்தபோது தெளிந்த தண்ணீர் மோர்போல வெளுத்திருந்தது. மேஜையில் வைத்தேன். ஆற ஆற மறுபடி தெளிந்தது. துணியில் இருக்க வேண்டியது எல்லாம் அந்தக் குப்பியில் இருந்தது.

நாங்கள் கொண்டாடிய அந்தப் பெரிய முடிவும் அத்தோடு போயிற்று. உறையவைத்த ரத்தப் பிளாஸ்மாவின் மேல் எங்கள் துணியை ஒட்டவைத்து, குளிர்ந்த தண்ணீர் விட்டால் வழுக்கிக்கொண்டு வரும். அந்த வீடியோவைப் பார்த்துக் கைதட்டாதவர் இல்லை. அது சங்கிலி விரிந்து தள்ளியதால் வந்ததில்லை. இடையில் பசையாகப் பூசிக்கிடந்தது கரைந்து போனதால் வந்தது. அதே துண்டை இரண்டாம் முறை வைத்துப் பார்த்திருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். கட்டுத்துணியை ஒருமுறைதானே கட்டுவார்கள் என்று யாரும் இரண்டாம் முறை வைத்துப் பார்க்கவில்லை. அந்தப் பசையைத்தான் நான் எலிகளின் பச்சைப் புண்ணுக்குள் கரையவிட இருந்தேன். அதற்கப்புறம் மனிதர்களின் புண்ணில்.

அக்காவை அழைத்தேன். அவளுக்கு அங்கே காலை நேரம், குழந்தைக்குச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆக்சிஜன் சரியா எடுத்தியா நீ?" என்றாள் முதலில்.

"எடுத்தேன் அக்கா. சங்கிலியெல்லாம் அழகா வளந்திருக்கு. எல்லாம் ஒரே நீளம். துணியில மட்டும் இல்ல."

"அப்ப உன் முதல் ஸ்டெப்புல ஏதோ தப்பு."

"உன்னோட பழைய துண்டையும் அலசிப் பாத்துட்டேன்."

அவள் ஸ்பூனைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. குழந்தை மட்டும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.

"துணியைக் காயவெச்சுதான் இனிஷியேட்டர் போட்டேன்" என்றாள் பிறகு, எனக்குச் சொல்வதாக இல்லாமல். "ஆனா அது மழைக்காலம்டி. ஓவனுக்கு ஒரே க்யூ. ஃபேனுக்கு அடியில காயவெச்சேன். தொட்டா காஞ்ச மாதிரிதான் இருந்துச்சு."

பருத்தி ஈரத்தைக் கைக்குத் தெரியாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த இனிஷியேட்டருக்கு ஈரம் கிடைத்தால் துணியை விட்டுவிட்டுத் தண்ணீரோடு போய்விடும். துணியில் முளையே பதியவில்லை. நானும் அவள் செய்தபடியே ஃபேனுக்கு அடியில்தான் காயவைத்தேன். எங்கள் சங்கிலிகள் அத்தனையும் கரைசலிலேயே பிறந்து, கரைசலிலேயே சீராக வளர்ந்து, எதிலும் ஒட்டாமல் இருந்திருக்கின்றன.

"சார்கிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"சொல்லிடு. என்கிட்ட கேட்டுட்டு இருக்காத. சொல்லிடுடி. இல்லன்னா, சொல்லாதன்னு நானே உன்கிட்ட கேட்டுடுவேன்." அழைப்பைத் துண்டித்துவிட்டாள்.

சாரிடம் போவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. மனசு என்னென்னவோ கணக்குப் போட்டது. வாட்டர் பாத் சரியாகட்டும், சுடுதண்ணீரில் அலசி டாக்டரிடம் கொடுத்துவிடலாம், எலிக்கு ஒன்றும் ஆகாமலும் போகலாம், பட்டம் வாங்கியபின் சொல்லிக்கொள்ளலாம். இப்படி நினைத்ததும் எனக்கே அருவருப்பாக இருந்தது. காரணம், பசை கரையும் புண் என்று நினைக்கும்போதெல்லாம் எலியின் புண் என் கண்ணில் வரவில்லை. கணுக்காலுக்கு மேலே, எனக்கு அங்குலம் அங்குலமாகத் தெரிந்த ஒரு புண்தான் வந்தது.

சாரின் குடும்பம் தலைமுறைகளாகப் பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம். முன்னோர்கள் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர்கள். எங்கள் இருவருக்கும் தமிழ் என்றாலும் என் தமிழ் வேறு, அவர் தமிழ் வேறு. கோபமோ கவலையோ வந்தால் அவர் கன்னடத்துக்குப் போய்விடுவார்.

"உக்காரு மா. ஏனாயித்து? என்ன ஆச்சு? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

குப்பியை மேஜையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். நான் முடித்ததும் குப்பியை எடுத்துத் தன் உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே இருந்தார். கையைத் திறந்தபோது குப்பி வெளுத்திருந்தது.

"முப்பத்திரண்டு டிகிரின்னு க்ளாஸ்ல நான் எத்தனை வாட்டி சொல்லிருப்பேன்" என்றார். "சுடுதண்ணி! தேவரே!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டார். சிரிக்க முயன்றார், வரவில்லை. எனக்கு எதிரிலேயே டாக்டரை அழைத்து, துண்டுகள் வராது என்றார். காரணத்தையும் மழுப்பாமல் சொன்னார். அதன் பிறகு அக்காவின் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று பத்திரிகைக்கு எழுத உட்கார்ந்தார். அந்த மனிதரின் மேல் எனக்கு அதுவரை அவ்வளவு மரியாதை வந்ததில்லை, அவ்வளவு பாவமாகவும் இருந்ததில்லை.

நான் கிளம்பும்போது, "உன் தீசிஸ்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். "எக்ஸ்டென்ஷனுக்கு எழுதறேன் மா. கொடுப்பாங்களான்னு என்னால சொல்ல முடியாது. பொய் சொல்லமாட்டேன்."

"தெரியும் சார்."

பஸ்ஸில் அல்சூர் ஏரி தாண்டும்வரை கல்லுமாதிரி இருந்தேன். பிறகு அழுகை வந்துவிட்டது. பக்கத்து சீட்டுக்காரி பையை மடிக்கு இழுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பட்டத்துக்காக அழுதேனா, வீணாய்ப்போன வருடங்களுக்காக அழுதேனா என்று கேட்டால், இரண்டுக்கும்தான். ஆனால் அதிகமாக, இனி வீட்டில் போய் என்ன சொல்வது என்பதற்காக.

அன்றைக்குக் கட்டுப் பிரிக்கும் நாள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஸ்டூலில் நீட்டி, கீழே ஒரு பிளாஸ்டிக் பேசினும் பழைய துணியும் விரித்துத் தயாராக இருந்தாள்.

"லேட்டுடி. இன்னா, என் துணி ரெடியாயிடுச்சா? டாக்டர் வாங்கிக்கினாரா?"

நான் கையைக் கழுவி, உப்புத்தண்ணீரை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். வெளிக்கட்டைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே சொன்னேன்.

"ஒட்டலம்மா. அந்தத் துணில நாங்க போட்டது ஒட்டவே இல்ல. இத்தன நாளும் ஒட்டியிருக்குன்னு நெனச்சிட்டு இருந்தோம். தண்ணியில போயிடுச்சு எல்லாம்."

"மறுபடி பண்ணு."

"பண்ணலாம். டைம் குடுத்தா பண்ணலாம். குடுக்கலன்னா இல்ல."

"பட்டம்?"

"தெரியலம்மா."

அம்மா யாரையாவது திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், சாரையோ, வெளிநாட்டில் இருக்கும் அந்தப் பெண்ணையோ, குறைந்தது என்னையாவது. அவள் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த டிவியைப் பார்த்தாள். அது அணைந்து கிடந்தது என்பதைக்கூட அவள் கவனித்த மாதிரி தெரியவில்லை.

உள்கட்டில் தண்ணீர் விட்டு ஊறவைத்து, ஓரத்திலிருந்து உரிக்க ஆரம்பித்தேன். அன்று வழக்கத்தைவிட மோசமாக ஒட்டியிருந்தது. நான் இழுத்தேன், காத்திருந்தேன். சத்தமில்லை. கொஞ்சம் தூரம் போனேன். அப்போதும் இல்லை. துணியின் நடுவில் ரத்தம் கசிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்து கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்து, என்ன இன்றைக்குச் சத்தத்தையே காணோம் என்று அந்த அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

எங்கே வலிக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கே கையை நிறுத்துவது என்று தெரியவில்லை. துணியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாடி நிறுத்திட்ட?" என்றாள். "வலிக்கல. நீ எடு."

"கத்தும்மா" என்றேன். "தயவுசெஞ்சு கத்தேன்மா."